எங்கள் ஊர் விவரக் குறிப்பில் "பேருந்து வசதி உண்டு" என்று இருக்கிறது. அந்தப் பேருந்து எங்கே?

#1 கணவாய்க்காற்று

வணக்கம். எங்கள் ஊர் மதுரை–தேனி சாலையை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே, மலையடிவாரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், சொன்னால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த கிராம சபைக்கு ஊரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மக்கள்தொகை எவ்வளவு, யார் என்ன வேலைக்குப் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று. காலையில் ஒரு பேருந்து கேட்டுத் தீர்மானம் போடுகிறார்கள், அதோடு இணைக்க.

இணையத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஏழெட்டுப் பக்கம் வருகிறது. எல்லாம் ஒரே அச்சு. அரசுப் பேருந்து: ஊருக்குள் உண்டு. தேசிய நெடுஞ்சாலை: ஊருக்குள் உண்டு. ரயில் நிலையம்: 5 முதல் 10 கி.மீ.க்குள். படித்துவிட்டு எனக்கே சந்தேகம் வந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நெடுஞ்சாலையைக் காணோம், பக்கத்து வீட்டு ஆடு மட்டும் நின்றது.

காலை 9.50-க்கு ஒரு வண்டி வரும், சாயங்காலம் 5.40-க்கு ஒன்று. இதற்குப் பெயர்தான் "வசதி உண்டு" என்றால், கிராம சபையில் அந்தப் பக்கத்தையே காட்டி எங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். இந்தத் தகவல் எல்லாம் எங்கிருந்து வருகிறது?

#2 கணக்குப்புலி

எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு போட்டார்கள். அதன் முதல் பகுதி கிராம, நகர விவரத் தொகுப்பு. இரண்டாம் பகுதி மக்கள்தொகைச் சுருக்கம். இணையப் பக்கங்கள் இந்த இரண்டையும் அப்படியே எடுத்து, வெற்றிடத்தை நிரப்பி வாக்கியமாக்கிவிடுகின்றன. மனுஷன் உட்கார்ந்து எழுதியது இல்லை.

அந்தத் தொகுப்பில் பேருந்துக்கு ஒரு கட்டம். இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். இல்லை என்றால் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒரு குறியீடு: 5 கி.மீ.க்குள் என்றால் ஏ, 5 முதல் 10 என்றால் பி, அதற்கு மேல் என்றால் சி. ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை மணிக்கு என்பதற்குக் கட்டமே கிடையாது. அரை மணிக்கு ஒரு பேருந்து வரும் ஊரும், உங்களைப் போல இரண்டு நடை ஊரும் அங்கே ஒன்றுதான்.

இன்னொன்று. கணக்கெடுப்பில் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம், அதாவது வருவாய்த் துறை எல்லை போட்ட கிராமம். நீங்கள் "எங்கள் ஊர்" என்று சொல்வது தாய்க்கிராமமா, அதில் சேர்ந்த குக்கிராமமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

#3 கணவாய்க்காற்று

குக்கிராமம். தாய்க்கிராமம் மெயின் ரோட்டு மேலேயே இருக்கிறது. அங்கே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வண்டி போகும். நெடுஞ்சாலையும் பேருந்தும் அவர்களுடையது, எங்கள் பெயரில் எழுதியிருக்கிறார்கள். இப்போதுதான் விளங்குகிறது.

#4 கணக்குப்புலி

அதேதான். உங்கள் குக்கிராமத்துக்கென்று தனி எண்ணிக்கையும் அந்தக் கையேட்டில் இருக்காது. வருவாய்க் கிராமத்தின் மொத்தத்துக்குள் கரைந்துபோயிருக்கும். போதாததற்கு ஊராட்சி எல்லையும் வருவாய்க் கிராம எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் சுமார் 12,500, கணக்கெடுப்பில் வருகிற கிராமங்களோ பதினையாயிரத்துக்கும் மேல். ஆகவே ஊராட்சித் தலைவர் சொல்லும் மக்கள்தொகையும் இணையம் சொல்வதும் பொருந்தவில்லை என்று யாரையும் திட்ட வேண்டாம். இரண்டும் வேறு வேறு வட்டம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது எழுத்தறிவு. கணக்கெடுப்பில் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில்தான் விழுக்காடு போடுவார்கள். சில இணையப் பக்கங்கள் கைக்குழந்தையையும் சேர்த்து வகுத்துவிடுகின்றன. 1,000 பேர் உள்ள ஊர், அதில் 0-6 வயதுக் குழந்தைகள் 100, எழுத்தறிந்தோர் 630 என்று வையுங்கள். 630-ஐ 900-ஆல் வகுத்தால் 70 விழுக்காடு. 1,000-ஆல் வகுத்தால் 63. தவறாக வகுத்த எண்ணை எழுதி நம் ஊரை நாமே கீழே இறக்க வேண்டுமா?

#5 பல்சர்பாண்டி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இப்போது எந்த வீட்டில் பைக் இல்லை? தீபாவளிக்கு ஊருக்குப் போனால் தெருவில் நடக்க இடம் இல்லை, அவ்வளவு வண்டி. ஆளே ஏறாத பேருந்தை விட்டு டீசலைக் கரியாக்குவதற்குப் பதில் ரோட்டைப் போடச் சொல்லுங்கள். 2011 கணக்கை வைத்து இன்றைக்கு மனு எழுதுவதே தப்பு.

#6 டீச்சரக்கா

பாண்டித் தம்பி, தீபாவளிக்குப் பார்த்தது போதாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து பாருங்கள்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு மூன்று குக்கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் பைக் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது காலை ஆறு மணிக்கு அப்பாவோடு கிளம்பிப் போய்விடுகிறது. கணக்கெடுப்பு கேட்பது "உங்கள் வீட்டில் இரு சக்கர வாகனம் இருக்கிறதா" என்று. "காலை எட்டு மணிக்கு இருக்கிறதா" என்று கேட்டால் பதில் வேறு. வீட்டில் மிச்சம் இருப்பது அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள்.

தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள், நடுநிலைப் பள்ளி 3 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமை விதிகள் சொல்கின்றன. எட்டாவது வரைக்கும் பிரச்சினை இல்லை, நடந்தே வந்துவிடுவார்கள். ஒன்பதாவதில்தான் ஆரம்பிக்கும். பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் தருகிறது. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் என்ன செய்வது? பையன்கள் யார் வண்டியையாவது மறித்து ஏறிவிடுவார்கள். பெண் பிள்ளையை அப்படி விட எந்த வீட்டிலும் மனசு வராது. என்னிடம் எட்டாவதில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை ஒன்று இப்போது ஆடு மேய்க்கிறது. படிப்பில் பிடித்தம் இல்லாமல் நின்ற பிள்ளை இல்லை அது.

கணவாய்க்காற்று, உங்கள் குறிப்பில் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை என்று தனியாகப் போடுங்கள். மொத்த மக்கள்தொகையை விட அந்த எண் பேசும்.

#7 பழைய விசில்

30 வருஷம் டிக்கெட் கிழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வேலைக்குச் சேரும்போது எங்கள் வண்டியில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர் எல்லாம் 1997-லேயே போய்விட்டது, எனக்குத்தான் இன்னும் போகவில்லை.

ஒரு கிராமத்துக்குப் பேருந்து எப்படிக் குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே நாளில் நிறுத்த மாட்டார்கள். முதலில் நைட் ஹால்ட் போகும். நைட் ஹால்ட் என்றால் ராத்திரி கடைசி நடை ஊரிலேயே தங்கி, விடியற்காலை அங்கிருந்தே முதல் நடை எடுக்கும் வண்டி. கோயில் மண்டபத்திலோ பள்ளி வராந்தாவிலோ படுத்திருக்கிறேன். நாலரைக்கு எழுந்தால் தெருக்குழாயில் குளியல், டீக்கடைக்காரர் எங்களுக்காகவே அடுப்பைப் பற்றவைப்பார். ஐந்தே காலுக்கு வண்டி எடுக்கும்போது பின்பக்கம் மல்லிகைப்பூ மூட்டை ஏறும். ஈரச் சாக்கில் கட்டியிருப்பார்கள். நிலக்கோட்டைக்கோ மாட்டுத்தாவணிக்கோ விலை இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டிய சரக்கு. அந்த மூட்டை ஏறும் நடையில் கலெக்‌ஷன் கவலையே இல்லை.

அப்புறம் ஆள் பற்றாக்குறை, தங்க இடம் சரியில்லை என்று நைட் ஹால்ட்டை எடுத்தார்கள். முதல் நடை டவுனிலிருந்து கிளம்பி ஊருக்கு வர ஏழரை ஆனது. பூக்காரர்கள் டிவிஎஸ் 50-க்கு மாறிவிட்டார்கள். நடையில் வசூல் குறைந்தது. வசூல் இல்லை என்று அந்த நடையையும் வெட்டினார்கள். கடைசியில் ஒன்பதே முக்கால் வண்டி மட்டும் மிஞ்சும். அந்த நேரத்துக்கு யார் ஏறுவார்கள்? வேலைக்குப் போகிறவன் போயாச்சு, பள்ளிக்கூடம் மணி அடிச்சாச்சு. "ஆள் ஏறுவதில்லை" என்று பாண்டி சொல்வது அந்த வண்டியைப் பார்த்துத்தான். ஆள் ஏறாத நேரத்தில் விட்டுவிட்டு ஆள் இல்லை என்றால் எப்படி?

#8 பல்சர்பாண்டி

சரி அண்ணே, அந்த இடத்தில் என் பேச்சு எடுபடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2011 கணக்கு பழசு என்பது பழசுதானே?

#9 கணக்குப்புலி

பழசுதான். 2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதன் கிராமவாரி எண்கள் வெளிவரும்வரை கைவசம் இருப்பது 2011-தான். வாகனக் கணக்கைப் பாருங்கள்: 2011-ல் இந்தியக் கிராமப்புற வீடுகளில் சைக்கிள் வைத்திருந்தவை 46.2 விழுக்காடு, இரு சக்கர மோட்டார் வாகனம் வைத்திருந்தவை 14.3 விழுக்காடு. இன்றைக்கு உங்கள் தெருவில் நின்று எண்ணினால் இது தலைகீழாக இருக்கும். ஆகவே வாகனத்தைப் பற்றி அந்தக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு வரி கூட எடுக்காதீர்கள்.

பழசு என்பதை விடப் பெரிய சிக்கல், எப்போது எண்ணினார்கள் என்பது. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர் ஊர்க் கணக்கில் வரமாட்டார், இருக்கிற இடத்தில் எண்ணப்படுவார். பிப்ரவரி என்ன மாதம்? தை கழிந்து செங்கல் காளவாசலுக்குக் குடும்பத்தோடு போயிருக்கும் மாதம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் பொங்கல் முடிந்து திரும்பிப் போன மாதம். உங்கள் ஊர் ஆட்கள் திருப்பூர் கணக்கில் இருப்பார்கள். இதனால் சில ஊர்களில் ஆண்களை விடப் பெண்கள் கூடுதல் என்று வரும். நல்ல சேதி என்று எண்ணிவிடாமல் 0-6 வயது விகிதத்தைத் தனியாகப் பாருங்கள். தமிழ்நாடு மொத்தத்துக்கே 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள், குழந்தைகளில் மட்டும் 943. பெண் சிசுக்கொலைச் சேதிகளில் அடிபட்ட உசிலம்பட்டிப் பக்கத்துக்காரருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்பதற்கு பி-28 என்று ஓர் அட்டவணை இருக்கிறது. எத்தனை கி.மீ., நடையா, சைக்கிளா, பேருந்தா, ரயிலா எல்லாம் வரும். ஆசையோடு திறந்தால் ஏமாற்றம். விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர் மூவரையும் விட்டுவிட்டு "இதர வேலையாட்கள்" பயணத்தை மட்டும்தான் அது சொல்கிறது. ஒரு கிராமத்தில் அந்த மூவரையும் கழித்தால் யார் மிச்சம்? தலையாரியும் வாத்தியாரும்!

(பின்சேர்க்கை: கட்டட வேலை, கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் "இதர"வில் வருவார்கள். கோபத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன்.)

#10 ஏலக்காய்

கம்பம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே அதிகாலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள், சாயங்காலம் திரும்புகிறார்கள். இரண்டு மாநிலத்துக்கு நடுவே தினமும் நடக்கிற பயணம். கணக்கெடுப்பில் தோட்டத் தொழிலாளர் "இதர"வில்தான் சேருவார்கள், ஆகவே பி-28-ல் வர வேண்டியவர்கள். உங்கள் ஊரில் ஜீப்போ டாட்டா ஏஸோ ஆள் ஏற்றிப் போகிறதென்றால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். பேருந்து இல்லாத இடத்தை அதுதான் நிரப்புகிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு நாயாய் அலைய வேண்டும். எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் அலைந்துகொண்டிருக்கிறார்.

#11 கொங்குநாடன்

ஏனுங்க, பேருந்துதான் வேண்டுமா? மினி பஸ் கேட்டுப் பாருங்கள். 1997-ல் தொடங்கிய திட்டத்தில் எங்கள் பக்கம் ஏகப்பட்ட குக்கிராமங்களுக்கு வண்டி வந்தது. 2025-ல் புதிய திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கி.மீ., அதில் பெரும்பங்கு ஏற்கெனவே பேருந்து ஓடாத சாலையாக இருக்க வேண்டும். உங்கள் நாலு கிலோமீட்டரோடு பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று குக்கிராமத்தைக் கோத்தால் ஒரு தடம் அமையுமுங்க.

#12 பழைய விசில்

மினி பஸ் நல்லதுதான். ஆனால் அது தனியார் வண்டி, பெண்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். 2021 மே 8 முதல் கட்டணமில்லாப் பயணம் இருப்பது அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில். இவர் ஊர்ப் பெண்கள் நாலு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்குப் போய் ஏறுவது பெரும்பாலும் புறநகர் வண்டியாக இருக்கும், அதில் முழு டிக்கெட். டவுன் பஸ் வராத ஊருக்கு விடியல் பயணமும் வராது. இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

இன்னொரு சங்கதி. இலவசப் பயணத்துக்கும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார். ஆகவே எந்த ஸ்டேஜில் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பது மிஷினில் பதிவாகியிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஸ்டேஜ்வாரியாகக் கேளுங்கள், ஊர்வாரியாகக் கேட்டால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்துவிடும்.

#13 ஏரிக்கரை

சாலையைப் பற்றி ஒரு வரி. பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புதான் அளவுகோல். குடியிருப்பு என்பதைக் கவனிக்கவும், வருவாய்க் கிராமம் இல்லை. 2024-ல் ஒப்புதலான நாலாம் கட்டம் 2011 எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. உங்கள் குக்கிராமம் 480 என்று வந்தாலும் பயப்பட வேண்டாம், 500 மீட்டர் தொலைவுக்குள் உள்ள குடியிருப்புகளைச் சேர்த்துக் கணக்குக் காட்டலாம்.

#14 கணவாய்க்காற்று

எங்களுக்குத் தார்ச்சாலை இருக்கிறது அண்ணே, பாலத்துக்குப் பக்கத்தில் மட்டும் பெயர்ந்து கிடக்கிறது.

ரயில் பற்றியும் ஒரு வேடிக்கை. கையேட்டுக்காரர்கள் விவரம் எடுத்த காலத்தில் மதுரை–போடி மீட்டர் கேஜ் ஓடிக்கொண்டிருந்தது. 2010 கடைசியோடு அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள். தேனி வரை திரும்ப வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். நடுவில் பதினோரு வருஷத்துக்கு மேல் இணையத்தில் எங்கள் ஊருக்கு "ரயில் நிலையம் 5-10 கி.மீ." இருந்துகொண்டே இருந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகும்.

இதுவரை எழுதியது இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"எங்கள் குடியிருப்பு தாய்க்கிராமத்திலிருந்து 4 கி.மீ. தொலைவில் உள்ளது. கணக்கெடுப்பு ஆவணங்களில் காணும் பேருந்து, நெடுஞ்சாலை வசதிகள் தாய்க்கிராமத்துக்கு உரியவை. இங்கு வரும் முதல் பேருந்து காலை 9.50. அதற்கு முன் வெளியே செல்வோர்: பள்ளி மாணவர், பூ வியாபாரிகள், கட்டட வேலைக்குச் செல்வோர். எனவே காலையில் பேருந்து வசதி செய்து தர வேண்டுகிறோம்."

#15 டீச்சரக்கா

நன்றாக இருக்கிறது. ஆட்கள் எண்ணிக்கை எங்கே? அங்கன்வாடிப் பணியாளரிடம் வீட்டுக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஒன்று இருக்கும். வாக்காளர் பட்டியலையும் ரேஷன் கார்டையும் வைத்து எழுதாதீர்கள், திருப்பூரில் இருப்பவர்களும் அதில் இருப்பார்கள்.

#16 பழைய விசில்

தம்பி, கடைசி வரியை அடித்துவிடு. "பேருந்து வசதி செய்து தர வேண்டுகிறோம்" என்று வந்தால் "ஏற்கெனவே இரண்டு நடை இயக்கப்படுகிறது" என்று ஒரு வரியில் பதில் வந்து கோப்பு மூடப்படும். மெயின் ரோட்டில் காலை ஏழு, எட்டு மணிக்குள் உங்கள் தாய்க்கிராமத்தோடு திரும்பும் டவுன் பஸ் எது என்று பார். அதன் தட எண்ணைப் போட்டு, "இந்தத் தடத்தின் இன்ன மணி சிங்கிள் நடையை 4 கி.மீ. நீட்டிக்க வேண்டும்" என்று கேள். புது வண்டி, புது ஆள் எதுவும் வேண்டாம், போய்வர இருபது நிமிஷம். கிளை மேலாளர் மட்டத்திலேயே பேசக்கூடிய விஷயம் அது. வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள், அதையும் எழுதிவிடு.

#17 கணவாய்க்காற்று

திரும்ப இடம் இருக்கிறது, கோயில் முன்னால் களம். நெல் காயப்போடும் நாளில் மட்டும் சண்டை வரும், பேசிக்கொள்ளலாம்.

அப்படி ஒரு டவுன் பஸ் 7.35-க்கு வந்து திரும்புகிறது, தட எண் குறித்துவிட்டேன். எண்ணிக்கைக்கு நாளையிலிருந்து மூன்று நாள் காலை ஆறு முதல் ஒன்பது வரை பாலத்தில் நோட்டோடு உட்காரப் போகிறேன். நடந்து போகிறவர், சைக்கிள், பைக்கில் ஒருவர், பைக்கில் மூவர், டாட்டா ஏஸ் என்று ஐந்து பத்தி கோடு போட்டாயிற்று.

#18 பல்சர்பாண்டி

ஆண் பெண் தனித்தனியாகக் கோடு போடுங்கள். பத்து பத்தி வேண்டும்.

#19 கணவாய்க்காற்று

ஆமாம், விட்டுப்போச்சு. வேறு நோட்டு எடுக்கிறேன்.